பிளந்த பாறையும் பிழைத்த கணக்கும்

வகுப்பறையில் தான் சொல்லும் ஒரு வாக்கியம் எத்தனை ஆண்டுகள் மாணவர் நெஞ்சில் வாழும் என்பதை ஆசிரியன் அறியான். 1990களின் தொடக்கத்தில், பயிற்சிக் கல்லூரியைவிட்டு வெளிவந்த புதிதில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இயற்கை வளங்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன். "இன்னும் முப்பது ஆண்டுகளில் உலகத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும்" என்று அன்று உறுதிபடக் கூறினேன். அக்காலத்தில் கைக்குக் கிடைத்த நூல்கள் பலவும் அவ்வாறே கூறின. அவ்வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் இன்று சரவாக் கடற்பகுதியில் எண்ணெய்ப் பொறியாளராக இருக்கின்றார். நிலத்தடிப் பாறைக்குள் எண்ணெய் எவ்வாறு நகர்கின்றது என்பதைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்வது அவர்தம் பணி. அண்மையில் பள்ளிக்கு வந்தவர், "ஐயா, நீங்கள் சொன்ன முப்பது ஆண்டுகள் முடிந்துவிட்டன" என்று புன்னகையோடு கூறினார்.

அவர் குறைகூறவில்லை, ஆயினும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. என் கூற்று எங்கிருந்து வந்தது, எங்கே பிழைத்தது என்று தேடப் புகுந்தேன். அத்தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் மாரியன் கிங் ஹபர்ட் என்னும் அமெரிக்க அறிஞர். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி எப்போது உச்சத்தை எட்டி இறங்கத் தொடங்கும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் அவர். பாறையை நீர்மத்தின் அழுத்தத்தால் பிளக்கும்போது பிளவு எத்திசையில் ஓடும் என்பதை விளக்கியவரும் அவரே. ஒருவரே கண்ட இவ்விரண்டு உண்மைகளுள் பின்னது முன்னதைப் புரட்டிப்போட்ட கதையே இக்கட்டுரையின் பொருளாகும்.

இளமையும் கல்வியும்

ஹபர்ட் 1903ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்தின் சான் சாபா என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்தார். வேளாண்மைக் குடும்பம். சிறிய கல்லூரி ஒன்றில் இரண்டாண்டுகள் பயின்றபின், கோதுமை அறுவடையிலும் இருப்புப்பாதை வேலையிலும் கூலிக்கு உழைத்துக்கொண்டே சிக்காகோ நகரை அடைந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நிலவியல், இயற்பியல், கணிதம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்றார். 1926இல் இளநிலைப் பட்டமும், 1928இல் முதுநிலைப் பட்டமும், 1937இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

நிலவியல் அந்நாளில் பெரும்பாலும் வருணனைக் கலையாகவே இருந்தது. பாறைகளின் நிறம், அடுக்கு, வயது ஆகியவற்றைக் கண்டு குறித்துவைப்பதே நிலவியலார் தொழிலாகக் கருதப்பட்டது. பாறை ஏன் வளைகின்றது, எவ்வளவு விசையில் உடைகின்றது என்ற வினாக்களுக்கு இயற்பியலைக் கொண்டு விடைகாண வேண்டும் என்று வற்புறுத்தியவருள் ஹபர்ட் முன்வரிசையில் நின்றார். 1931 முதல் பத்தாண்டு அளவு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1943இல் ஹூஸ்டன் நகரில் ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்து, 1964 வரை அங்கேயே இருந்தார். நம் நாட்டு மிரி நகரில் 1910ஆம் ஆண்டு முதல் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டிய அதே ஷெல் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை அது. பின்னர் அமெரிக்க அரசின் நிலவியல் அளவைத் துறையில் 1976 வரை பணியாற்றினார்.

மணலுக்குள் ஓடும் நீர்

எண்ணெய் என்றதும், நிலத்தடியில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. கடற்பஞ்சு நீரை வைத்திருப்பதுபோல, மணற்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் தம் நுண்ணிய துளைகளுக்குள் எண்ணெயை வைத்திருக்கின்றன. பொறியாளர் எண்ணெய்த் தேக்கம் எனக் குறிப்பிடுவது அத்தகைய பாறையையே. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் எண்ணெய் கிணற்றை நோக்கி ஓடிவரும். இணையாவிடில் பாறைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.

இந்த ஓட்டத்திற்குரிய விதியை முதலில் கண்டவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். டிஜோன் நகருக்குக் குடிநீர் அமைத்துக் கொடுத்த அவர், மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து, தம் முடிவுகளை 1856இல் வெளியிட்டார். இருமுனைகளிலும் நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டமும் மிகும்; மணலின் நீளம் மிகுந்தால் ஓட்டம் குறையும். பாறையின் ஊடுருவுதிறனை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது.

பின்வந்தோர் பலர் இவ்விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு, நீர்மம் எப்போதும் மிகுந்த அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்தை நோக்கியே பாயும் என எழுதினர். ஹபர்ட் 1940இல் எழுதிய நீண்ட ஆய்வுரையில் அதனை மறுத்தார். அசையாது நிற்கும் தொட்டி ஒன்றைக் கருதுக. அடித்தளத்தில் அழுத்தம் மிகுதி, மேற்பரப்பில் குறைவு. ஆயினும் நீர் மேல்நோக்கிப் பாய்வதில்லை. ஆகவே, ஓட்டத்தைத் தீர்மானிப்பது அழுத்தம் மட்டுமன்று. உயரமும் அழுத்தமும் சேர்ந்து நீர்மத்திற்குத் தரும் ஆற்றலே. ஆரம்பப் பள்ளி மாணவனுக்கும் விளங்கக்கூடிய இவ்வுண்மை, எண்ணெய்த் தேக்கங்களைப் பற்றிய கணிப்புகளுக்கு உறுதியான அடித்தளம் அமைத்துத் தந்தது.

1955இல் டெக்சஸைச் சேர்ந்த பீஸ்மன், ராக்ஃபோர்டு என்னும் இருவர், இத்தகைய சமன்பாடுகளைக் கணினியின் துணையால் தீர்க்கும் சிறந்த முறையொன்றை வெளியிட்டனர். தேக்கத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தத்தைக் கணக்கிடும் வழி அதிலிருந்து வளர்ந்தது. அவ்வாறு அமைத்த கணித மாதிரியைப் பொறியாளர் உடனே நம்பிவிடுவதில்லை. கிணறு சென்ற ஆண்டுகளில் உண்மையில் தந்த எண்ணெயின் அளவை மாதிரி சரியாகச் சொல்கின்றதா என்று முதலில் ஒப்பிடுவர். சொல்லாவிடில் மாதிரியைத் திருத்துவர். கடந்தகாலத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாத மாதிரிக்கு எதிர்காலத்தைச் சொல்ல உரிமையில்லை என்பது அவர்தம் தொழில் ஒழுக்கம்.

பாறையைப் பிளக்கும் தொழில்

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் நகரில் 1859இல் டிரேக் என்பார் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்டார். ஆறே ஆண்டுகளில், உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ராபர்ட்ஸ் என்பவர், வெடிமருந்து நிரப்பிய குப்பியைக் கிணற்றுக்குள் இறக்கி வெடிக்கச் செய்து, பாறையை உடைத்து எண்ணெயைப் பெருக்கும் வழியைக் கண்டார். அது ஆபத்தான தொழில். உயிர்கள் பல பலியாயின.

வெடிக்காமலே பிளக்கும் முறை 1947இல் வந்தது. ஸ்டனோலிண்ட் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் ஃப்ளாய்டு ஃபாரிஸ் செய்த ஆராய்ச்சியின் பயனாக, கன்சாஸ் மாநிலத்து ஹூகோட்டன் எரிவாயு வயலில் முதற்சோதனை நடைபெற்றது. சுமார் 2,400 அடி ஆழத்தில் இருந்த சுண்ணாம்புப் பாறைக்குள், கெட்டியாக்கப்பட்ட பெட்ரோல் 1,000 கேலன் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தப்பட்டது. அதனைக் கெட்டியாக்கச் சேர்த்த பொருள்களுள் நம் தோட்டப்புறத்தார் நன்கறிந்த செம்பனை எண்ணெயும் ஒன்று என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. சோதனை பெரும்பயன் தரவில்லை. கிணற்றின் உற்பத்தி குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1949 மார்ச் 17ஆம் நாள் ஹாலிபர்ட்டன் நிறுவனம் ஒக்லஹோமாவிலும் டெக்சஸிலும் இரு கிணறுகளில் இம்முறையை வணிக அளவில் கையாண்டது. பிளவு மீண்டும் மூடிக்கொள்ளாதிருக்க, நீர்மத்தோடு மணலும் கலந்து செலுத்தப்பட்டது. முதலாண்டிலேயே 332 கிணறுகள் இவ்வாறு பிளக்கப்பட்டன.

தொழில் வளர்ந்தது; ஆனால் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் அப்பிளவு எவ்வடிவில் தோன்றுகின்றது என்பதை எவரும் கண்டதில்லை. மேலிருக்கும் நிலத்தையே தூக்கிக்கொண்டு, பாறை அடுக்குகளுக்கிடையே கிடைமட்டமாக விரியும் என்றே பலரும் நம்பினர்.

சான் அந்தோனியோவில் ஓர் உரை

அவ்வினாவை ஹபர்ட் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1956 மார்ச் மாதம், சான் அந்தோனியோ நகரில் எண்ணெய்த் துறையினர் கூடிய அவையில் உரையாற்றும்படி அழைக்கப்பட்டார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் அணு ஆற்றலும் நிலத்தடி எரிபொருள்களும்.

அவர் கூறிய கணக்கு எளியது. எண்ணெய் உற்பத்தியை ஆண்டுதோறும் குறித்துவந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அது சுழியத்தில் தொடங்கும். வளம் அளவுடையது ஆதலின் என்றேனும் சுழியத்திலேயே முடியும். இடையில் ஓர் உச்சம் இருந்தே தீரும். கோட்டின் கீழுள்ள பரப்பு, எடுக்கக்கூடிய எண்ணெயின் மொத்த அளவுக்குச் சமமாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் அம்மொத்தம் 150 பில்லியன் பீப்பாய் எனக் கொண்டால் உச்சம் 1965ஆம் ஆண்டளவில் வரும். 200 பில்லியன் எனக் கொண்டால் 1970ஆம் ஆண்டளவில் வரும். 50 பில்லியன் பீப்பாய் கூடுதலாகக் கிடைத்தாலும் உச்சம் ஐந்தாண்டுகளே தள்ளிப்போகும் என்பது கேட்டோரைத் திடுக்கிட வைத்தது.

மேடையேறுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து அக்கணிப்பை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டனர் என்று ஹபர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் விடவில்லை. ஊதியம் தரும் நிறுவனம் விரும்பாத ஒன்றை, அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியாளராக நின்றே சொல்வதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று.

புட்டிக்குள் ஒரு சோதனை

அடுத்த ஆண்டு, 1957இல், டேவிட் வில்லிஸ் என்பாருடன் இணைந்து நீர்ம அழுத்தப் பிளப்பின் இயக்கவியல் பற்றிய ஆய்வுரையை ஹபர்ட் வெளியிட்டார். பாறைக்குப் பதிலாக அவர்கள் எடுத்துக்கொண்டது ஜெலட்டின் கூழ். நம் இல்லங்களில் திருநாள்களில் செய்யும் அகார் அகார் போன்றது. நீர்மத்திற்குப் பதிலாகப் பாரிஸ் சாந்தைக் கரைத்துச் செலுத்தினர். சாந்து இறுகியபின் கூழை நீக்கினால் பிளவின் வடிவம் கையில் கிடைத்துவிடும். மலையைக் கூழால் நிகர்ப்பது விளையாட்டன்று. மாதிரி சிறுத்தால் அதன் வலிமையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும் என்பதை ஹபர்ட் 1937லேயே கணக்கால் காட்டியிருந்தார்.

கூழ் நிரம்பிய மெல்லிய புட்டியை ஒரு திசையில் இறுக்கியபோது பிளவு ஒருவகையாகவும், வேறு திசையில் இறுக்கியபோது வேறுவகையாகவும் தோன்றியது. முடிவு தெளிவாயிற்று. ஆழத்தில் உள்ள பாறையை மூன்று திசைகளிலும் தகைவுகள் நெருக்குகின்றன. அவை சமமானவை அல்ல. பிளவு, எத்திசையில் நெருக்கம் மிகக் குறைவோ அத்திசையில் வாய் திறக்கும். அதற்குச் செங்குத்தான தளத்தில் பரவும். நிலம் பக்கவாட்டில் மிகுதியாக நெருக்கப்படாத இடங்களில் குறைந்த தகைவு கிடைமட்டமானது. ஆதலின் ஆழத்தில் பிளவுகள் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். கிணறுகளில் பதிவான அழுத்தம் மேலுள்ள நிலத்தின் எடையைத் தூக்கப் போதாததாகவே பலமுறை இருந்ததும் இதற்குச் சான்றாயிற்று.

இவ்வொரு முடிவின்மேல் ஒரு கணித மரபே எழுந்தது. சோவியத் நாட்டின் கிறிஸ்தியானோவிச், செல்தோவ் ஆகியோர் 1955லேயே பிளவின் அகலத்திற்கும் நீளத்திற்கும் உள்ள தொடர்பை எழுதியிருந்தனர். 1969இல் ஹீர்ட்ஸ்மா, டி கிளெர்க் ஆகிய இருவரும் அதனை வளர்த்தனர். 1961இல் பெர்கின்ஸ், கெர்ன் ஆகியோர் உயரம் மாறாத நெடும்பிளவுக்கு வேறொரு மாதிரி அமைத்தனர். பாறைக்குள் கசிந்து இழக்கப்படும் நீர்மத்தையும் சேர்த்து 1972இல் நார்ட்கிரென் அதனை நிறைவாக்கினார். எவ்வளவு நீர்மம், எவ்வளவு மணல், எவ்வளவு அழுத்தம் என்று பொறியாளர் கணினியில் கேட்கும் கேள்விகளுக்கு இம்மாதிரிகளே முதல் விடைகளைத் தந்தன.

எச்சரிக்கை

மூன்றாவது ஆய்வுரை ஒன்றும் உண்டு. 1959இல் வில்லியம் ரூபியுடன் எழுதியது. மலையளவு பாறைப் பாளங்கள் பல கிலோமீட்டர் தொலைவு நழுவிச் செல்வது எவ்வாறு என்பது அதன் வினா. குளிரூட்டிய காலித் தகரக்குவளையை, நனைத்த கண்ணாடிமேல் வாய் கீழாகக் கவிழ்த்து, கண்ணாடியைச் சிறிதே சாய்த்தனர். முதலில் குவளை அசையவில்லை. உள்ளிருந்த காற்று சூடேறி விரிந்து குவளையின் பாரத்தைத் தாங்கத் தொடங்கியதும் அது தானே வழுக்கிச் சென்றது. பாறையின் துளைகளில் நீர்மத்தின் அழுத்தம் உயர்ந்தால், உராய்வு தளர்ந்து நிலம் நழுவும் என்பது அதன் பொருள்.

இதன் உண்மை விரைவில் வெளிப்பட்டது. அமெரிக்க இராணுவம் 1962 முதல் டென்வர் நகருக்கருகே 3,600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள கிணற்றில் கழிவுநீரைச் செலுத்தியது. அங்கே நிலநடுக்கங்கள் தொடர்ந்தன; 1966இல் அப்பணி நிறுத்தப்பட்டது. ஒக்லஹோமா மாநிலத்தில் எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரைப் பேரளவில் மீண்டும் ஆழத்தில் செலுத்தியதன் விளைவாக, 2016 செப்டம்பரில் 5.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தெரிந்திருந்த ஓர் உண்மையைப் பொருட்படுத்தாமைக்கு நிலம் தந்த விடை அது.

உயர்ந்த புகழும் வீழ்ந்த கணிப்பும்

சான் அந்தோனியோ உரைக்குப்பின் பல ஆண்டுகள் ஹபர்ட்டைப் பலர் நம்பவில்லை. அரசின் நிலவியல் துறையிலிருந்தே 590 பில்லியன் பீப்பாய் என்ற பெருமதிப்பீடு வந்தது. ஆனால் 1970இல் அமெரிக்க எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்கு 9.6 மில்லியன் பீப்பாயை எட்டி, பின் இறங்கத் தொடங்கியது. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தபோது, ஹபர்ட்டின் பெயர் உலகெங்கும் பரவியது. அவர் 1989இல் மறைந்தபோது கணிப்பு வென்றதாகவே கருதப்பட்டது. 2008இல் அமெரிக்க உற்பத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லியன் பீப்பாய்க்குக் குறைந்திருந்தது.

ஆனால், டெக்சஸில் ஜார்ஜ் மிட்செல் என்பாரின் நிறுவனம் 1981 முதல் பார்னெட் என்னும் களிப்பாறையில் எரிவாயு எடுக்க முயன்றுகொண்டிருந்தது. அப்பாறையின் ஊடுருவுதிறன் நல்ல மணற்பாறையினதைவிடப் பல இலட்சம் மடங்கு குறைவு. ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் இழப்போடு உழைத்தபின், 1998 அளவில், கெட்டியான கூழைவிட்டு, வழுக்கும் தன்மை சேர்த்த நீரையே பெருமளவில் செலுத்தி வெற்றி கண்டனர். கிணற்றைக் கிடையாகத் திருப்பித் தோண்டும் நுட்பமும் இதனோடு சேர்ந்தது. எத்திசையில் திருப்புவது? தகைவு குறைந்த திசையில். அவ்வாறு தோண்டினால் பிளவுகள் கிணற்றுக்குக் குறுக்கே சுவர்களாக வரிசையாய் எழும். 1957ஆம் ஆண்டுக் கூழ்ப் புட்டி கற்பித்த பாடம் அதுவே.

பாக்கன், ஈகிள் ஃபோர்டு முதலிய களிப்பாறைகளிலிருந்து எண்ணெய் பெருகிற்று. 2018இல் அமெரிக்க உற்பத்தி 1970ஆம் ஆண்டு உச்சத்தைத் தாண்டியது. 2023இல் நாளொன்றுக்கு 12.9 மில்லியன் பீப்பாயை எட்டியது. ஹபர்ட் நிறுத்திய உச்சத்தை, ஹபர்ட் விளக்கிய பிளவே கடந்துசென்றது.

பிழைத்தது எது?

அவ்வாறாயின் அவர் தோற்றாரா? நம் மொழியில் 'பிழைத்தல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தவறிப்போதலும் பிழைத்தல், உயிரோடு எஞ்சுதலும் பிழைத்தல். ஹபர்ட்டின் கணக்கு இரு பொருளிலும் பிழைத்தது. மொத்தம் 200 பில்லியன் என்ற எண் தவறிப்போயிற்று. அக்கால மதிப்பீடுகளில் களிப்பாறையில் சிறைப்பட்ட எண்ணெய் இடம்பெறவில்லை. அளவுள்ள வளத்திற்கு உச்சமும் இறக்கமும் உண்டு என்ற நியாயமோ இன்னும் எஞ்சி நிற்கின்றது. களிப்பாறைக் கிணறுகளின் உற்பத்தி முதலிரண்டு ஆண்டுகளிலேயே விரைந்து சரிகின்றது. புதிய கிணறுகளை இடைவிடாது தோண்டினால்தான் மொத்தம் நிலைக்கின்றது.

மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஹபர்ட், எண்ணெய் குறித்த ஆண்டில் தீர்ந்துவிடும் என்று கூறவே இல்லை. உச்சம் வரும், பின்னர் நெடுங்காலம் மெல்ல இறங்கும் என்றே கூறினார். 'இத்தனை ஆண்டுகளில் தீரும்' என்பது வேறொரு கணக்கு. அன்றைக்கு அறியப்பட்ட இருப்பை அன்றைய ஆண்டுச் செலவால் வகுத்துப் பெறும் ஈவு அது. இருப்பும் மாறும், செலவும் மாறும். ஈவும் ஆண்டுதோறும் மாறும். அந்த ஈவையே நான் வகுப்பில் தீர்ப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஹபர்ட் இரண்டு எண்களைக் கொடுத்து, இவ்வளவு எனக் கொண்டால் இவ்வாறு, அவ்வளவு எனக் கொண்டால் அவ்வாறு என்று தம் அடிப்படையைத் திறந்து வைத்தார். அதனால்தான் பின்வந்தோர் அவர் எங்கே தவறினார் என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது. நானோ 'எனக் கொண்டால்' என்ற சொற்களை விழுங்கிவிட்டு, முடிவை மட்டும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தேன். அவருடைய பிழை பிறர் திருத்தக்கூடிய பிழை. என்னுடையது நம்ப மட்டுமே கூடிய பிழை. ஆசிரியத் தொழிலில் இவ்வேறுபாடு பெரிது.

என் மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "எங்கள் மாதிரிகளையும் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறோம், ஐயா" என்றார். இப்போது ஆறாம் ஆண்டு வகுப்பில் அதே பாடம் வரும்போது, கரும்பலகையில் எண்ணை எழுதுவதற்கு முன், 'இன்று நாம் அறிந்தவரை' என்று எழுதுகின்றேன். பிள்ளைகள் அதனையும் சேர்த்தே தம் ஏட்டில் படியெடுத்துக்கொள்கின்றனர்.